கழுத்து முறியட்டும்

பிர்னோ, மார்ச் 1972

அன்புள்ள யார்மிலாவுக்கு,

இங்கே நலம். நீயும் உன் தொண்டையும் நலமா? வியன்னாவில் குளிர்ந்த பீரைக் குடித்துவிட்டுப் பாடப் போகாதே. நீ கேட்கப் போவதில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

ரயில் நிலையத்தில் நடந்த கூத்தை நினைத்து இன்னும் சிரிக்கிறேன். "நல்லபடியா பாடிட்டு வாடி கண்ணு" என்று உன் அம்மா வாழ்த்தியதும் உன் முகம் வெளுத்துவிட்டது. மேடைக்காரர்களுக்கு நல்வாழ்த்துதான் சாபம் என்று அவருக்கு எப்படித் தெரியும், பாவம்! "கழுத்து முறிஞ்சு போகட்டும்னு சொல்லும்மா, இல்லேன்னா ரயில் ஏற மாட்டேன்" என்று நீ அடம்பிடிக்க, அவர் அழுதுகொண்டே சொன்னார். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது.

நீ டிராம் ஓட்டுநராக நடித்த படத்துக்குக் குரல் பதிவு இன்னும் பாக்கி. "அவ வந்ததும் முடிச்சுடலாம்" என்கிறார் இயக்குநர்.

ஒன்றே ஒன்று. ஓத்மாரின் பாட்டை மட்டும் அங்கே பாடிவிடாதே. எழுதிய அவன் சிறையில் இருக்கிறான். மது விடுதியில் ஜாஸ் பாடிக்கொண்டிருந்தவள் நாடகம், சினிமா என்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய். ஒரு பாட்டால் அது போய்விடக் கூடாது. கூட்டம் கை தட்டினால் நீ உன் வசத்தில் இருக்க மாட்டாய். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கழுத்து முறியட்டும், என் கண்ணே.

விலேம்

பிர்னோ, ஏப்ரல் 1972

அன்புள்ள யார்மிலாவுக்கு,

நீ அந்தப் பாட்டைப் பாடிய செய்தி இங்கே வந்து சேர்ந்தது. அது விஷயமாக உள்துறை அமைச்சகத்திலிருந்து ஒரு தோழர் வந்திருக்கிறார். நம் சமையலறையில், உன் நாற்காலியில் உட்கார்ந்து, நான் எழுத எழுத வாசிக்கிறார். மிகவும் மரியாதையானவர். "அவங்க மனசு இளகுற மாதிரி எழுதுங்க தோழரே, நமக்கு அவங்க மேல ஒரு கோபமும் இல்ல" என்கிறார்.

உடனே திரும்பி வா. உன்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்களாம். அங்கே உன் பாட்டுக்குப் பியானோ வாசித்த ராடிம் முன்னதாகவே வந்துவிட்டார். வீட்டில் இல்லை, வேறொரு இடத்தில் ஓய்வெடுக்கிறார் என்று தோழர் சொல்கிறார்.

நீ வராவிட்டால் படத்தில் உன் முகத்துக்கு வேறொருத்தியின் குரலைப் போடுவார்களாம். வானொலியிலும் உன் பாட்டு இனி வராதாம்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. உருளைக்கிழங்கு சூப் வைக்கப் பழகிவிட்டேன். தனியாக உட்கார்ந்து சாப்பிடவும் பழகிக்கொள்வேன்.

"ஒரு வாழ்த்து சொல்லி முடிங்க" என்கிறார் தோழர். ரயில் நிலையத்தில் உன் அம்மா முதலில் வாழ்த்தினாரே, அதே வாழ்த்தைத்தான் நானும் சொல்கிறேன். நீ வீடு திரும்பும் பயணம் நல்லபடியாக அமையட்டும், யார்மிலா. எல்லாம் சுபமாக நடக்கட்டும். முழு மனதோடு வாழ்த்துகிறேன்.

உன்
விலேம்