பன்னு இல்லாத பன்னு

18-1-1960, திங்கள்

இன்று காலை ஸ்டேஷன் ரோட்டு முனையில் கம்பெனி ரொட்டிக் கடை திறந்தபோது இனாம் பன்னுக்குக் கை நீட்டி நின்றவர்கள்: டீக்கடை கங்கையா. போர்டு எழுதுகிற பழனி. என் நாத்தனார் சுலோசனா, அவள் நீட்டியது இரண்டு கையும். கை எலும்பு முறிந்து புத்தூருக்குக் கட்டுப் போட வந்து, மூன்று வாரமாக எங்கள் பன்னைத் தின்று தேறிய சத்தியவேட்டு மிராசுதாரர். அவருக்கு நல்ல கை ஒன்றுதான். அதை நீட்டினார்.

நீட்டாதவர்கள்: நான், என் மகன் முனிரத்தினம், மருமகள் வரலட்சுமி. நாலு கடை தள்ளி எங்கள் ரொட்டிக் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேனேஜர் நாராயணசாமி பட்டணத்து ஆள். மல் வேட்டி, கைக்கடிகாரம். ஸ்டூல் மேல் ஏறிப் பேசினான். "அரக்கோணம், ரேணிகுண்டா, திருப்பதி, இப்போ புத்தூர். எங்க சாப்பிட்டாலும் ஒரே ருசி, ஒரே பன், பாதி விலை!" பன் பட்டணத்திலிருந்து தகரப் பெட்டியில் ரயிலேறி வருகிறது. நேற்றுச் சுட்டது. அதற்குக் கைதட்டல் வேறு.

எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்புதான். ஆனால் யார் எந்தத் தேதியில் என்ன செய்தார்கள் என்பது மறந்ததில்லை. எழுதி வைப்பது, அவர்கள் மறந்துவிடுவார்கள் என்பதற்காக.

20-1-1960

இரண்டு தட்டுப் பன் மிச்சம். ரஸ்க்காக வாட்டினோம். இவ்வளவு ரஸ்க்கைக் கடிக்க இந்த ஊரில் யாருக்குத் தாடை இருக்கிறது?

25-1-1960, திங்கள்

கங்கையா நம்மிடம் பன் வாங்குவதை நிறுத்திவிட்டான். வந்து சொல்லிவிட்டுப் போனான் என்பது வரைக்கும் மரியாதை.

"கோபம் வேணாக்கா. ஏமி சேசேதி, இன்னா பண்றது? ஒண்ணு விலைக்கு ரெண்டு குடுக்கறாங்க."

"பதினோரு வருஷம் உன் டீயை மனுஷன் குடிச்சதே எங்க பன்னைத் தொட்டுக்கினுதாண்டா" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அது போகட்டும். இன்றைக்கு வந்தது வேறு. நாராயணசாமி முனிரத்தினத்தைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறான். அடுப்பை அணைத்துவிட்டுக் கம்பெனிக் கடையில் விற்பனைக்கு நிற்க வேண்டுமாம். மாதச் சம்பளம். புகை இல்லை, விறகு இல்லை. உகாதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"யோசிச்சுச் சொல்றேன்னேம்மா" என்றான்.

இல்லை என்று சொல்லவில்லை. யோசிக்கிறானாம்! இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவன் நைனா ரேணிகுண்டா ரயில்வே சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்து ரொட்டி சுடக் கற்று, முப்பத்தொன்றாம் வருஷம் ஆடி மாதம் கட்டிய அடுப்பு. அவர் செத்த அன்று ஒரு நாள்தான் அணைந்திருந்தது. அதை—

அவன் உள்ளே இருமுகிறான். அதுவும் எனக்குக் கேட்கத்தான் செய்கிறது.

2-2-1960, செவ்வாய்

எல்லை முடிவாகிவிட்டது, திருத்தணி மதராஸோடு, புத்தூர் ஆந்திராவோடுதான் என்று ஊரெல்லாம் இதே பேச்சு. உடனே கம்பெனிக்காரன் தெலுங்கில் பெரிய போர்டு வைத்துவிட்டான். ஒரு ஆள் உயரம், சிவப்பு எழுத்து. பழனி ஏணி மேல் நின்று நாள் முழுக்க எழுதினான். என்னைப் பார்த்ததும் வாளியைப் பார்த்துக்கொண்டான்.

எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. முனிரத்தினமும் அப்படித்தான்.

3-2-1960

வரலட்சுமி பலமனேர்க்காரி. எட்டாவது வரை தெலுங்கில் படித்தவள். அவள் கல்யாணத்தில், நாற்பத்தெட்டாம் வருஷம் தை மாதம், பந்தியில் அவள் அம்மா சொன்னாள்: "காய்ச்சல்காரன் துன்றதை விக்கிற வூட்டுல பொண்ணைக் குடுத்துட்டோம்." மூன்றாம் பந்தி, ரசம் ஊற்றும் நேரம். அன்றிலிருந்து அந்தப் பெண்ணிடம் நான் அளந்துதான் பேசுவேன்.

இன்று கடைக்குப் போனவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"அத்தே! கம்பெனிக்காரன் வரி வசூல் பண்றான்!"

"இன்னாடி உளறுற?"

உட்கார வைத்துக் கேட்டேன். நமக்குத் தமிழில் ஒரே ப. தெலுங்கில் ப வேறு, பஸ் என்று அழுத்திச் சொல்கிற ப வேறு. தின்கிற பன்னுக்கு அந்த அழுத்துகிற எழுத்தைப் போட வேண்டும். சாதாரண ப போட்டால் தெலுங்கில் பன்னு என்றால் பல். பன்னு என்றால் வரியும்தான். பட்டணத்திலிருந்து வாசகம் தமிழ் எழுத்தில் வந்திருக்கிறது. நகரி நெசவுக்காரர் வீட்டுப் பையன் பழனிக்குத் தெலுங்கு எழுத்து வரைய வரும், அர்த்தம் அரைகுறை. முதலில் கைக்கு வந்த ப-வைப் போட்டுவிட்டான்.

வரலட்சுமி படித்துக் காட்டினாள்: "கொத்த பன்னு! அந்தரிகீ ஒகே பன்னு! ரோஜூ ரண்டி!"

புது வரி! எல்லாருக்கும் ஒரே வரி! தினமும் வாருங்கள்!

மாவுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்தாள். பன்னிரண்டு வருஷத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன்.

9-2-1960, செவ்வாய்

சந்தை நாள். எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

நாட்டுப்புறத்து ஜனம் முனை வரைக்கும் வருகிறார்கள், போர்டைப் படிக்கிறார்கள், அப்படியே திரும்புகிறார்கள். எல்லை மாறுகிறது, புது சர்க்கார், புது வரி. நம்பாமல் என்ன செய்வார்கள்? ஒருவன் எருமையைத் திருப்பிக்கொண்டே, "எனுமுக்கி கூட பன்னா?" என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டானாம். எருமைக்குமா வரி!

ஒரு பெரியவர் மட்டும் தைரியமாக உள்ளே போனார். வாயைத் திறந்து காட்டி மேல் வரிசையில் இரண்டு பல் வேண்டும் என்றாராம். நாராயணசாமி இரண்டு பன் எடுத்துக் கொடுத்தான்.

16-2-1960, செவ்வாய்

சிரிப்பெல்லாம் போயிற்று. இன்று சந்தை நாளில் எங்களுக்கும் நாலு தட்டு மிச்சம். போன வாரமும் மிச்சம்தான், நான்தான் சிரிப்பில் கவனிக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் நாராயணவனத்துச் செல்லியம்மா பின்வாசல் வழியாக வந்தாள். தண்டவாளம் ஏறி, முள்ளில் புடவை கிழிந்து. அவள் புருஷனுக்குக் கஞ்சி இறங்காது. எங்கள் உப்பில்லாத மெத்தென்ற பன்னைப் பாலில் ஊற வைத்துக் கொடுத்தால்தான் இறங்கும்.

"இன்னாக்கா, உங்க தெரு முனையில வரி ஆபீஸ் தொறந்துட்டாங்களாமே. ஒரு மாடு வச்சிக்கினு கீறேன், அதுக்கும் கேட்டுடுவாங்களோன்னு போன வாரம் முனையோட திரும்பிட்டேன்."

"போன வாரம் அவருக்கு இன்னா குடுத்த?"

"இன்னாத்தைக் குடுக்கறது? தண்ணிதான்."

முனையில் திரும்புகிறவன் எங்கள் கடைக்கும்தானே வரமாட்டான்! இது இந்த மண்டையில் ஏறவில்லையே. அவன் கண்ணைக் குத்தப் போய் என் கண்ணிலேயே—

முனிரத்தினம் மிச்சத் தட்டுகளைப் பார்த்தான். "நான் கம்பெனிக்கே போயிடட்டுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டான்.  தட்டுகளைத் துணி போட்டு மூடினேன்.

17-2-1960

இதை எழுதவே கை கூசுகிறது. நான் கம்பெனிக் கடைப் படி ஏறினேன்.

"உங்க போர்டுல எழுத்து தப்பா கீது சாமி. வரின்னு எழுதி வச்சிக்கினு கீறீங்க" என்றேன்.

நாராயணசாமி என்னை மேலும் கீழும் பார்த்தான். "போட்டிக் கடைக்காரங்க வந்து என் போர்டைத் திருத்தறீங்களாம்மா?"

"தெலுங்கு படிச்ச யாரையாவது கேளு."

"யாரைக் கேட்டு என்ன? வாசகம் ஹெட் ஆபீஸ்ல இருந்து வந்தது. எல்லாக் கிளைக்கும் அதுதான். ஒரு புள்ளி மாத்தணும்னாலும் எழுதிப் போட்டு ஆர்டர் வரணும்."

"ஆர்டர் வர்ற வரைக்கும்?"

"இதுதான் போர்டு."

எதிரில் ஏணி இருக்கிறது, பழனி இருக்கிறான், பெயின்ட் இருக்கிறது. ஆர்டர்தான் இல்லை! என்ன ஜன்மம்!

22-2-1960, திங்கள்

வரலட்சுமி ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம். காலையில் குழந்தைகள் சிலேட்டில் எதையோ எழுதிக்கொண்டு வந்து நின்றாள். "அவுங்க போர்டு அப்படியே கெடக்கட்டும் அத்தே. முனையில நம்ம போர்டு ஒண்ணு வைப்போம்."

படித்தாள்: "பன்னு லேனி பன்னு."

முதல் பன்னுக்கு வரியின் ப. இரண்டாவது பன்னுக்கு அழுத்துகிற ப. வரி இல்லாத பன்! தெலுங்கில் கேட்கப் பாட்டு மாதிரி இருக்கிறது. தமிழில் எழுதிப் பார்த்தேன்: பன்னு இல்லாத பன்னு. பார்க்கிறவர்கள் எனக்குப் பேய் பிடித்தது என்பார்கள்.

பழனியைக் கூப்பிட்டனுப்பினேன். விஷயம் தெரிந்ததும் முகம் சுண்ணாம்பு. "ஆயா, வெளிய சொல்லிடாத. எனக்கு இனிமே ஒருத்தனும் வேலை குடுக்கமாட்டான்."

"சொல்லமாட்டேன். அந்த எழுத்து ரெண்டும் பாக்கறவன் கண்ணுல வந்து குத்தணும்."

மத்தியானத்துக்குள் எழுதிவிட்டான். வரலட்சுமி ஏணிக்குக் கீழே நின்று ஒவ்வொரு எழுத்தாகக் காட்டிக் கொடுத்தாள். நான் அவளுக்கு மோர் கொண்டு போய்க் கொடுத்தேன். அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். குடியேன் என்றேன்.

23-2-1960, செவ்வாய்

சந்தை ஜனம் முனையில் நின்றது. அந்தப் பக்கம் சிவப்பில் வரி. இந்தப் பக்கம் நீலத்தில் வரி இல்லாத பன். ஒருவன் உரக்கப் படித்தான், பத்துப் பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான், தெரு நிறைந்தது. எருமைக்காரன் எருமையோடு வந்துவிட்டான். பத்து மணிக்குப் பன் காலி. செல்லியம்மாவுக்கு மட்டும் முன்னாலேயே எடுத்து வைத்திருந்தேன்.

முனிரத்தினம் இரண்டாம் தடவை மாவு பிசைந்தான். பிசையும்போது வாய்க்குள் எதையோ பாடிக்கொண்டிருந்தான்.

5-3-1960, சனி

கங்கையா வந்தான். தூணோரம் நின்றான். நான் பார்க்கவில்லை. செருமினான். அப்போதும் பார்க்கவில்லை.

"அக்கா, அந்தப் பன்னு டீயில முங்கினா மேல வர்றதில்லக்கா. கிளாசுக்குள்ள ஸ்பூனை வுட்டுத் தேடறாங்க. நேத்து ஒருத்தன், உன் கடையில டீயைக் குடிக்கறதா, துன்றதான்னு கேட்டுட்டான்."

"ஒண்ணு விலைக்கு ரெண்டாச்சேடா. ரெண்டையும் சேத்துத் தேடச் சொல்லு."

"அக்கய்யா..."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தபிறகுதான் கொடுத்தேன். அவனுக்கென்று தனிப் பதம் உண்டு. அடுப்பின் பின்பக்கம், மேல் தோல் முறுகும் வரை. செல்லியம்மாவுக்கு முன்பக்கம், மெத்தென்று. மிராசுதாரருக்குச் சர்க்கரை தூக்கல். இது ஒரே அடுப்பில் முடியும் என்பது அந்த ஸ்டூல் பேச்சுக்காரனுக்குத் தெரியாது.

28-3-1960, திங்கள், உகாதி

முனிரத்தினம் காலையில் குளித்து, புதுத் துண்டு போட்டுக்கொண்டு கம்பெனிக் கடைக்குப் போனான். திரும்பி வரும்வரை நான் வேப்பம்பூவைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். பச்சடிக்கு ஒரு பிடி போதும். ஒரு முறம் கிள்ளியிருந்தேன்.

"வரலைன்னு சொல்லிட்டேம்மா."

அவ்வளவுதான் சொன்னான். நேரே விறகு எடுக்கப் போய்விட்டான். புகைபோக்கியை இரண்டு முழம் உயர்த்தக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த இருமல் நிற்க வேண்டும்.

கம்பெனிக்கு ஆர்டர் வந்து போர்டைத் திருத்திவிட்டார்கள். அங்கேயும் கூட்டம் போகிறது. போகட்டும். பசிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

1-4-1960

இன்றிலிருந்து திருத்தணியில் இருக்கும் என் தங்கை மணியம்மா மதராஸ்காரி, நான் ஆந்திராக்காரி. ரயிலில் அவளுக்கு ஒரு கூடை பன் அனுப்பினேன்.

20-4-1960, புதன்

முனிரத்தினம் திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை பிடித்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அடுத்தது சித்தூராம். முனையில் இருக்கிற அதே நீலப் போர்டு மூன்று ஊரிலும். அந்த ஒரு வரிக்கே ஜனம் வரும் என்கிறான். வரலட்சுமிக்கும் தெரியுமாம். அவள்தான் பஸ் ஸ்டாண்டு இடத்தைப் பார்த்துச் சொன்னாளாம்.

சாயங்காலம் வாசலில் ஆறு தகரப் பெட்டி வந்து இறங்கியது. இன்று சுட்டு, நாளை முதல் வண்டியில் ஏற்றி, திருப்பதியில் விற்பது.

"கங்கையாவுக்கு முறுகலு, செல்லியம்மாவுக்கு மெத்துன்னு சுட்டுக்கினு கெடந்தா பெட்டி ரொம்பாதும்மா" என்றான். "எங்க துன்னாலும் ஒரே பன்னா இருக்கணும். அப்பத்தான் பேர் நிக்கும்."

 அவன் இருமல் நின்றுவிட்டது, முகம் தெளிந்திருக்கிறது, நைனா மாதிரியே கையை வீசிப் பேசுகிறான். பெட்டியைத் துடைத்துக் காகிதம் போட்டு, நான்தான் பன் அடுக்கினேன். அவன் அந்தப் பக்கம் போனதும் அடுப்பின் பின்பக்கம் ஒரு தட்டு முறுகலும், முன்பக்கம் ஒரு தட்டு மெத்தென்றும் வைத்தேன்.

நாராயணசாமியை மன்னித்தாயிற்று. ஆர்டர் இல்லாமல் தும்மக்கூட மாட்டான், பாவம். கங்கையாவை மன்னித்தேன். பழனியையும். பலமனேர்ச் சம்பந்தியைக்கூட, அந்த ரசத்தோடு சேர்த்து மன்னித்துவிட்டேன். இப்படி ஒரு பெண்ணைப் பெற்றவள்.

ஒரே ஒருவனை மாட்டேன். செத்தாலும் மாட்டேன். முனிரத்தினம், என் மகன்.