தொட்டி அறையின் காற்று

2079 அக்டோபர் 3, காலை 7:40

தொட்டி வெப்பம் −1.4 டிகிரி. பி.எச். 8.0. குஞ்சுகள் 212. இறப்பு இல்லை. வெளியே கடல் 2.9 டிகிரி. மழை.

இந்தக் குறிப்பேடு யார் கைக்குப் போகுமோ, ஆகவே ஒருமுறை விளக்கிவிடுகிறேன். நான் அமலி கொரைரா, மீன் உடலியல் ஆய்வாளர். அண்டார்டிகாவின் இந்த நிலையத்தில் இப்போது நான் மட்டும்தான். தொட்டியில் இருப்பவை பனிமீன் குஞ்சுகள். இவற்றின் ரத்தம் தண்ணீர் நிறம். பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணு கிடையாது. உறைகுளிர்க் கடலில் பிராணவாயு தாராளமாகக் கரைந்திருந்தவரை அதுவே போதுமானதாக இருந்தது. கடல் சூடானதும் பெரியவை மூச்சு முட்டிச் செத்தன. நாம் விட்ட கரியமில வாயு கரைந்து கடல் புளித்ததில் முட்டைகளும் கெட்டன. நான்கு பயணங்களில் வலை வீசி நான் பிடித்தது ஒரே ஒரு ஜோடி. இரண்டும் போய்ச் சேர்ந்தாயிற்று. செப்டம்பர் 27இல் பொரித்த இந்த 212தான் மிச்சம். வேறெங்கும் இல்லை.

19ஆம் தேதி கப்பல் குளிர்த்தொட்டியோடு வரும். அதுவரை இவற்றை உயிரோடு வைத்திருக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

அக்டோபர் 6, மாலை 4:20

தொட்டி −1.3. பி.எச். 8.0. குஞ்சுகள் 212.

வடக்கிலிருந்து வெதுவெதுப்பான புயல். ஒரு ஜெனரேட்டர் காலி. என் குடியிருப்பின் கூரை பறந்துவிட்டது. அரிசி தப்பியது, கட்டில் தப்பவில்லை. தூக்கப்பையை எடுத்துக்கொண்டு தொட்டி அறைக்கே குடிவந்துவிட்டேன். பன்னிரண்டடிக்குப் பத்தடி. தொட்டியின் இரைச்சல் நல்ல துணை.

கதவிடுக்கு வழியே சூடான காற்று நுழைந்தது. மீதியுள்ள மின்சாரம் குளிரூட்டிக்கே சரியாக இருக்கிறது. காற்றுப்போக்கி விசிறியை நிறுத்தி, அதன் வாயை அடைத்தேன். எல்லா இடுக்கிலும் ரப்பர், பஞ்சு, அதன்மேல் டேப். அண்டார்டிகாவில் சூட்டுக்குப் பயந்து கதவை அடைப்பவள் நானாகத்தான் இருப்பேன். ஈ நுழையாது. எனக்கே என்மேல் பெருமையாக இருக்கிறது.

அக்டோபர் 9, காலை 10:05

தொட்டி −1.5. அடைத்ததற்குப் பலன் தெரிகிறது. குஞ்சுகள் 209.

பி.எச். 7.7 என்று காட்டியது. எண் குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று அர்த்தம். வாய்ப்பே இல்லை, வெளிநீர் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. மீட்டருக்கு வயதாகிவிட்டது. திருகி 8.0க்குக் கொண்டுவந்தேன்.

கப்பலின் இரண்டாம் அதிகாரி ஹிலாரி வானொலியில் வந்தான். மணப்பாட்டுக்காரன். எனக்கும் தூத்துக்குடி என்பதால் அக்கா முறை கொண்டாடுகிறான். பதிவிலிருந்து:

"யக்கா, காத்து ஒரேடியா அடிக்கி. கேப்டன் நகர மாட்டேங்காரு. பத்தொம்பதுக்கு வர முடியாது, இருவது ஆயிரும். புள்ளைங்க எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் மண்ட இடிக்கு."

"தைலம் தேயி யக்கா."

"தைலவாடை குஞ்சுகளுக்கு ஆகாது. போலே."

அக்டோபர் 12, காலை 9:30

தொட்டி −1.5. திருத்திய மீட்டரில் பி.எச். 7.8. குஞ்சுகள் 131.

மூன்று நாளில் 78. இரை மூக்கருகே மிதக்கிறது, தெரியவில்லை அவற்றுக்கு. ஒரே திசையில் வட்டமடிக்கின்றன, பிறகு சாய்கின்றன. இரையில் கோளாறோ என்று புதுப் பொட்டலம் பிரித்தேன். வடிகட்டியைக் கழுவினேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். சாப்பிடக்கூட வெளியே போகவில்லை. தலைவலி நிற்கவே இல்லை.

அக்டோபர் 14, பகல் 1:15

குஞ்சுகள் 64.

நேற்று செத்த ஒன்றின் காதுக்கல்லை நுண்ணோக்கியில் வைத்தேன். மீனின் காதுக்குள் மணலைவிடச் சிறிய கல் ஒன்று உண்டு; அது சாயாமல், திசை தப்பாமல் நீந்த வைப்பது. நாளுக்கு ஒரு வளையம் வளரும், மரத்துக்கு ஆண்டுக்கு ஒன்று போல. இதில் பதினேழு வளையம். முதல் பத்தும் மெலிசாக, ஒழுங்காக இருக்கின்றன. பதினொன்றிலிருந்து தாறுமாறாகப் பருத்திருக்கின்றன. தண்ணீர் புளித்தால்தான் இப்படி ஆகும். இன்னும் ஐந்து குஞ்சுகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே பதினொன்று.

பதினொன்றாவது வளையம் அக்டோபர் 7. நான் இந்த அறையில் கண்விழித்த முதல் காலை.

பெட்டியிலிருந்த மாற்று மீட்டரைப் பிரித்தேன். பி.எச். 7.3.

அடைத்த அறை. விசிறி இல்லை. எட்டு நாளாக ஒருத்தி உள்ளே உட்கார்ந்து மூச்சுவிடுகிறாள். தொட்டியின் காற்றுக்குழாய் அந்த மூச்சின் கரியமில வாயுவை இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. மீட்டர் சொன்னது. தலைவலி சொன்னது. இருபத்தாறு வருடமாக மேடை மேடையாக இந்த வேதியியலைத்தான் பேசினேன். முட்டாள். முட்டாள்.

அக்டோபர் 14, பகல் 2:50

கதவைத் திறந்தேன். வெளிக்காற்று 6 டிகிரி. அரைமணியில் தொட்டி 0.3க்கு ஏறியது; பதினொரு குஞ்சுகள் கவிழ்ந்தன. அடைத்துவிட்டேன். திறந்தால் சூடு கொல்லும், அடைத்தால் நான் கொல்வேன். அறையின் காற்றாவது மாறியிருக்கும்.

ஆகவே நான் வெளியே.

அக்டோபர் 16, காலை 8:10

கூரையில்லாத குடியிருப்பின் மூலை. தார்ப்பாய். எல்லாமே நனைந்துவிட்டது. பனி பெய்தால் தட்டிவிடலாம், மழையை என்ன செய்வது. விரல் மரத்துப்போனதால் எழுத்து கோணலாக வருகிறது, மன்னிக்கவும்.

நாளுக்கு இருமுறை உள்ளே போகிறேன், மூச்சைப் பிடித்தபடி. நாற்பது விநாடி. எங்கள் வீட்டில் சங்கு குளித்தவர்கள் இருந்தார்கள், அந்த நெஞ்சு எனக்கும் கொஞ்சம் வாய்த்திருக்கிறது. இரை போடு, எண்ணு, வெளியே வா. பி.எச். 7.6, ஏறுகிறது. குஞ்சுகள் 17.

பதினேழு போதும். பதினேழை வைத்து ஒரு கூட்டத்தை உண்டாக்கலாம். இரண்டை வைத்தே இவ்வளவு செய்தேனே.

அக்டோபர் 17, காலை

பி.எச். 7.8. தண்ணீர் சரியாகிக்கொண்டே வருகிறது. குஞ்சுகள் 5. இரை தொடவில்லை. வட்டம் மட்டும் அடிக்கின்றன. கெட்ட காது கெட்டதுதான் போலிருக்கிறது.

இருமல். உள்ளே இருமிவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது.

அக்டோபர் 18, காலை 11

பி.எச். 8.0. தொட்டி −1.4. எல்லாம் இருக்க வேண்டியபடி இருக்கிறது.

குஞ்சுகள் 0.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றுமுறை எண்ணினேன். நான்காம் முறை மூச்சு விட்டுவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

வானொலியில் ஹிலாரி:

"யக்கா, கெளம்பிட்டோம்! நாளை கழிச்சு காலைல வந்துருவோம். புள்ளைங்களுக்குத் தொட்டி ரெடி, நானே தேச்சுக் கழுவி வச்சிருக்கேன். எத்தன இருக்கு?"

"வா" என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 18, பகல் 12:30

உள்ளே வந்து கதவை அடைத்துக்கொண்டேன். குளிரூட்டியை நிறுத்திவிட்டு அதே மின்சாரத்தில் ஹீட்டரைப் போட்டேன். தொட்டி 2 டிகிரி, ஏறுகிறது. அறை இதமாக இருக்கிறது.