மீன்காரர் ஹாரன்

பிப். 3, செவ்வாய்

பேசாமல் இருந்தது போதும். அண்ணனுக்குக் கடிதம் எழுதப் போகிறேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. முகம் பார்த்துப் பேசிப் பல வருஷம்.

காலையில் பனி, எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று.

விஷயம் அப்பாவின் கார். முப்பதுகளின் கடைசியில் வந்த இங்கிலாந்து வண்டி. பாகப்பிரிவினையில் அவனுக்குப் போனது. எனக்குப் புதூர்ப் பக்கத்து மானாவாரிக் கரிசல் நிலம். "நீ படிச்சவன், ஒனக்கு எதுக்குலே காரு?" அன்று அவன் கேட்டது. படித்தவன் நடந்துதான் போக வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ.

மாதக் கடைசியில் மதுரையில் பழைய கார் அணிவகுப்பு. அதற்காகப் புதுப்பித்திருக்கிறான். பெயின்ட் நன்றாகத்தான் வந்திருக்கிறது. (இதைக் கடிதத்தில் எழுத வேண்டாம்.) ஆனால் டிரைவர் பக்கத்தில் ஒரு பித்தளை ஹாரன். ரப்பர் பந்தை அமுக்கினால் பாம் பாம். பழைய கார் என்றாலே பாம் பாம் என்று எந்த சினிமா சொல்லிக்கொடுத்ததோ. அசல் ஹாரன் பழுதாகிக் காயலான் கடைக்குப் போனதுகூட அவனுக்கு நினைவிருக்காது.

பிப். 5, வியாழன்

கல்லூரியில் இரண்டு வகுப்பு. ஒளிவிலகல் நடத்திக்கொண்டே ஹாரன் யோசனை. அதே மாடல் வண்டிகளின் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தாயிற்று.

பந்து ஹாரன்: அந்தக் காருக்கு ஒரு தலைமுறை முந்தியது. தள்ளுபடி.
கையால் அழுத்தினால் ஆ-ஊ-கா என்று அலறுவது: அதுவும் பழசு.
ஆறு வோல்ட் மின் ஹாரன், வட்ட முகம், குரோம் விளிம்பு, இடது விளக்குக்குக் கீழே: இதுதான்.

கோவை உதிரிபாகக் கடைக்காரரிடம் அப்படி இரண்டு இருக்கின்றன. அடித்துக் காட்டி வாட்ஸ்அப்பில் ஒலி அனுப்பினார். ஒன்று கீச்சென்று இருந்தது. மற்றது சளி பிடித்த தொண்டை. அப்பா தெருமுனை திரும்பும்போது கேட்டது இரண்டாவதுதான். ஐந்தாறு தடவை போட்டுக் கேட்டேன்.

"யாரு காருக்கு நீங்க இப்படி அலையுதீங்க?" என்றாள் செல்வி. பெண்டாட்டியாக இருந்து இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிற கேள்வியா? மறுபடியும் அந்த ஒலியைப் போட்டேன்.

கடிதம் நாலு பக்கம். அதில் ஹாரன் பேச்சு இன்னும் வரவில்லை. பாகப்பிரிவினையிலேயே நிற்கிறது.

பிப். 8, ஞாயிறு

தண்ணீர் மோட்டார் மறுபடி தகராறு.

அண்ணன் காரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பி, எங்கள் தெருவில் திரும்பி, பாம் பாம் என்று அமுக்கினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தத் தெருவில் பாம் பாம் அடிப்பது ஒரே ஆள்தான், தூத்துக்குடி மீன்காரர். எதிர்வீட்டு மாரியம்மாள் சட்டியோடு ஓடி வந்தாள். பின்னாலேயே அவள் நாத்தனார்.

"ஏட்டி, மீன்காரரு காரு வாங்கிட்டாருடி!"

"அண்ணாச்சி, சாளை மீனு இருக்கா?"

அண்ணன் தலையை வெளியே நீட்டி, "இது பழைய காலத்து ஆரனு. தெரியாமப் பேசாதிய" என்றான்.

"பழசா? அப்ப வேண்டாம், நீங்க போங்க."

ஜன்னலுக்குப் பின்னால் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். வருஷக் கணக்கில் இப்படிச் சிரித்ததில்லை.

சாயங்காலம் டீக்கடை. நான் உட்கார்ந்திருப்பது தெரியாமல் பேச்சு.

"மீன் வண்டி மதுரைக்குப் போவுதாம்லே."

"சும்மா இருலே, அது அவிய அப்பா வச்சிருந்த காரு."

"அப்ப அவியளும் மீன்தான் வித்தாவளா?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அப்பா அந்தக் காரில் வந்தால் இதே கடையில் எழுந்து நிற்பார்கள்.

பிப். 9, திங்கள்

நானாக வாய் திறப்பதில்லை. செல்வியை விட்டு மதினிக்குப் போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில்.

"அக்கா, அந்த ஆரன் அந்தக் காருக்குச் சேராதாம். கரண்டு ஆரன்தானாம்."

"நல்லதாப் போச்சு. நேத்துலேருந்து இவிய வெளியவே தல காட்டல. இரு, கேக்கேன்." பிறகு உள்ளே அண்ணனிடம், "ஏங்க, கரண்டு ஆரன் மாட்டணுமாம்!"

"யாரு சொன்னா?"

"கொழுந்தனாரு."

அண்ணன் குரல் போனுக்குப் பக்கத்தில் வந்தது.

"அவனா சொன்னான்? அப்ப பாம் பாம்தான். மதுர வரைக்கும் அமுக்கிட்டே போறேன்னு சொல்லு."

செல்வி போனை வைத்தாள். "ஒங்க பேர எடுக்காம இருந்தா மாட்டியிருப்பாவ."

ராத்திரி வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

பிப். 11, புதன்

நாலு பக்கத்தையும் கிழித்தாயிற்று. புதிதாக ஒரே பக்கம், கல்லூரிக் கணினியில். கையால் எழுதினால் எழுத்து காட்டிக்கொடுக்கும்.

"ஐயா, தங்கள் கார்" என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. அப்பாவின் கார் என்று அடித்தால் ஆள் தெரிந்துபோகும். டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். தங்கள் கார். அடித்தாயிற்று.

கோவைக் கடை விலாசம். இரண்டில் தடித்த குரல் உள்ளதை வாங்கவும். ஆறு வோல்ட். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் நேராகக் கொடுத்தால் சுருள் கருகும். இடது விளக்குக்குக் கீழே மாட்டவும். வேறு ஒரு வரி கிடையாது. கரிசல் நிலம் பற்றிக்கூட இல்லை.

மதுரையில் யாராவது கேட்பார்கள், ஹாரன் யார் தேடிப் பிடித்தது என்று. நான்தான் என்பான், மார்பைத் தட்டி. சொல்லித் தொலையட்டும்.

உள்ளூர்க் கோவில்பட்டித் தபால் முத்திரை விழுந்தால் சந்தேகப்படுவான். நாளை மணியாச்சிக்குப் போய்ப் போட வேண்டும்.

பழக்கத்தில் கை கடைசியில் 'இப்படிக்கு' என்று அடித்திருக்கிறது. அதை அழித்துவிட்டேன். பெயர் இல்லாமலே போகட்டும்.