மூன்று முறை கழுவிய சாம்பல்

இன்று காலை நம் கிள்ளான் தொழிற்சாலை வாசலில் செம்பனை எண்ணெய் ஆலையின் லோரி வந்து நின்றது. சாம்பல் சாக்கைப் பிரித்ததும் கருகிய செம்பனைக் கொட்டை ஓட்டின் வாசனை மூக்கில் ஏறியது. நீ போய் ஒரு வருடமாகிறது என்பதை மறந்து, உன்னைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன்.

முலாம் பூசிய சாமான்களை நாம் அலசும் தண்ணீரில் செம்பும் நிக்கலும் கலந்து ஓடும். செம்பனை ஆலைகள் எரித்துக் கொட்டுகிற சாம்பல் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நீ. கழிவுநீர்ப் பகுதியில் இருந்தது நாம் இருவர்தான். சாப்பாட்டு நேரத்திலும் நீ வாளியும் கையுமாக இருப்பாய். "மூணு வாட்டி கழுவு. சிவப்புத் தாள் நீலமாச்சுன்னா இன்னும் காரம் இருக்கு, மறுபடி கழுவு லா" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும். சாம்பலைக் குளிப்பாட்டிப் பொட்டும் வைத்துவிடுவாய் போல என்று கேலி செய்வேன்.

மேனேஜருக்குச் செய்து காட்ட வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, கழிவுநீரை வடிகட்டும் குழாயில் சாம்பலைக் கழுவி நிரப்புவது என் வேலை. தீபாவளிக்குச் சேலை எடுக்க பிரிக்பீல்ட்ஸ் போகிற அவசரம் எனக்கு. ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று, கழுவாமலே கொட்டி நிரப்பிவிட்டு ஓடினேன்.

மறுநாள் குழாயின் அடியில் தண்ணீர் கறுத்துக் கலங்கி இறங்கியது. தாளை நனைத்த மாத்திரத்தில் நீலமானது. "குப்பைய வச்சு தண்ணிய சுத்தம் பண்ண முடியுமா?" என்று மேனேஜர் சிரித்தார். நீ என் முகத்தை ஒருமுறை பார்த்தாய். பிறகு அவரிடம், "தப்பு என்னோடது, பாஸ். நான் சரியா கழுவல" என்றாய்.

நான் வாயே திறக்கவில்லை. அன்றோடு எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். உன்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உன்னைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கும், வேறு வழியாகச் சுற்றிப் போவேன்.

நீ நோயில் படுத்தபோது, சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு எடுத்த சேலைய நீ கட்டி நான் பாக்கவே இல்லையேடி" என்றாய். உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அப்போதும் அழுதேனே தவிர, சொல்லவில்லை. அடுத்த வாரம் நீ இல்லை.

புதிய மேனேஜர் உன் பழைய நோட்டைப் படித்துவிட்டு, மறுபடி செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவரிடம் இன்று சொன்னேன்: "முதல் தடவை கெட்டதுக்கு அவ காரணம் இல்ல, பாஸ். கழுவாம போட்டது நான்தான்."

"பழைய கதை லா அக்கா, வேலைய பாருங்க" என்றார்.

மூன்று முறை கழுவினேன். தாள் நிறம் மாறவில்லை. இருந்தும் நான்காவது முறை கழுவினேன். மதியம் குழாயின் அடியில் தண்ணீர் தெளிவாக இறங்கியது.

அந்தச் சேலை மடிப்புக் கலையாமல் என் அலமாரியில் இருக்கிறது. தப்பு என்னுடையது என்று உன்னிடம் சொல்லாமல் அதை எப்படிக் கட்டுவேன்?