பன்னிரண்டு வோல்ட்டுக்கு நான்கு ஆம்பியர்

காலையில் பட்டறையில் ஓவன் கதவைத் திறந்ததும் வார்னிஷ் வாசனை முகத்தில் அடித்தது. இத்தனை வருடமாகச் சுவாசிக்கிற வாசனைதான். ஆனால் இந்தப் பத்து நாட்களாக அது மூக்கில் ஏறினாலே உன் நினைப்பு வந்துவிடுகிறது. நினைப்பு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். குற்றவுணர்ச்சி என்பதுதான் சரி.

நான் யாரையும் லேசில் நம்பாதவன் என்பது உனக்குத் தெரியும். மோட்டாரில் ஐந்து எச்.பி. என்று தகடு அடித்திருந்தால், அடித்தவனைச் சந்தேகப்படுவேன். "உன் நெழலு பின்னால வந்தாக்கூட எதுக்கு வருதுன்னு கேப்ப" என்று நீயே கிண்டல் செய்வாய். கணபதிப் பகுதியில் நாம் இருவரும் சேர்ந்து மோட்டார் ரீவைண்டிங் பட்டறை போட்டபோது ஒரே ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம். மோட்டாருக்கு ஒயர் சுற்றியவனே சோதிக்க வேண்டும், அடுத்தவன் வேலையில் மூக்கை நுழைக்கக் கூடாது. வார்னிஷ் காய்ந்து ஓவனிலிருந்து வந்த மோட்டாரை அவரவர் மறுநாள் காலையில் சோதிப்போம்.

அந்தச் சட்டத்தை மீறியவன் நான். நீ சுற்றிக் கொடுத்த மோட்டார் ஒன்று ஒரே மாதத்தில் புகைந்து திரும்பி வந்தது. செம்பு நிறம் பூசிய அலுமினிய ஒயர் சந்தையில் நடமாடுகிறது என்று ஊரே பேசிய நேரம் அது. நீயும் அப்போதுதான் புதுக் கடையில் ஒயர் வாங்கத் தொடங்கியிருந்தாய். எனக்கு இது போதாதா?

நீ மதியம் சாப்பிட வீட்டுக்குப் போகும் அரை மணி நேரம்தான் எனக்குக் கிடைத்தது. அப்போதுதான் ஓவனிலிருந்து எடுத்து வைத்த உன் மோட்டாரின் சுருளுக்குப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியைக் கொடுத்தேன். அதே ஒயர், அதே சுற்று கொண்ட என் மோட்டாரில் ஐந்து ஆம்பியர் ஓடும். பன்னிரண்டை ஐந்தால் வகுத்தால் தடை இரண்டு புள்ளி நான்கு ஓம், பெருக்கினால் அறுபது வாட். உன்னுடையதில் நான்கு ஆம்பியர்தான் ஓடியது. தடை மூன்று ஓம், பவர் நாற்பத்தெட்டு வாட். அடுத்தடுத்து மூன்று மோட்டார்களில் அதே கதை. செம்பாக இருந்தால் இத்தனை தடை காட்டாது என்று முடிவு கட்டினேன். ஒயரைச் சுரண்டிக்கூடப் பார்க்கவில்லை. மோட்டார் கையைச் சுட்டது, துணியைச் சுற்றிக்கொண்டு கிளிப்பை மாட்டினேன். ஏன் சுடுகிறது என்று மட்டும் யோசிக்கவில்லை.

உன்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "இனி சுத்தற வேலைய நான் பாத்துக்கறனுங்க, நீங்க பேரிங் மாத்துங்க" என்றேன். ஐடிஐ நாளிலிருந்து வாடா போடா என்று பழகியவர்கள் நாம். நீயும் "சரிங்க" என்றாய். அடுத்த மாதமே விலகிக்கொண்டாய். அதோடு நான் விட்டேனா? நான் ஒயர் வாங்கும் கடைக்காரரிடம், நீ போலி ஒயர் சுற்றுகிறாய் என்று ஒரு வார்த்தை போட்டு வைத்தேன். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் எந்தப் பட்டறையிலும் உனக்குச் சுற்றுகிற வேலை கிடைக்கவில்லை. பெருந்துறையில் ஒரு கம்பெனிக்குப் பேரிங் மாற்றப் போனாய். நெஞ்சு வலி வந்து நீ போய்விட்டாய் என்ற செய்தியும் அங்கிருந்துதான் வந்தது.

பத்து நாளைக்கு முன் ஆனைமலையிலிருந்து ஒரு தோப்புக்காரர் வந்து, தென்னைக்குத் தண்ணீர் இல்லை, இப்போதே மோட்டார் வேண்டும் என்று நின்றார். நானே சுற்றியது. ஓவனிலிருந்து எடுத்த கையோடு சோதித்தேன். நான்கு ஆம்பியர். பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், மீட்டரை மாற்றினேன், ஒயர் கடைக்காரரை மனதுக்குள் திட்டினேன். தோப்புக்காரரைச் சாப்பிட்டு வரட்டும் என்று அனுப்பிவிட்டு, மோட்டார் நன்றாக ஆறிய பிறகு மறுபடி பார்த்தேன். ஐந்து ஆம்பியர். செம்பு சூடேறினால் தடையும் ஏறும் என்று முதல் வருடமே படித்தோமே. உனக்குத் தெரியாமல் சோதிக்க வேண்டும் என்பதற்காகவே உன் மோட்டாரை ஆற விடாமல் சோதித்திருக்கிறேன்.

அன்றே ஒயர் கடைக்குப் போய்த் தவறு என்னுடையது என்று சொன்னேன். "இப்பச் சொல்லி என்னங்க ஆகுது" என்றார். அங்கிருந்து உன் வீட்டுக்குப் போய் உன் மனைவியிடம் சோதித்த கதையைச் சொன்னேன்.

"அவருக்குத் தெரியுமுங்கண்ணா" என்றார் அவர். "ஒயர் முனையில கிளிப் கடிச்ச தடம் இருந்துச்சாமா. ஏனுங்க கேக்கலைன்னேன். கேட்டா அவன் கூசிப்போயிருவான், உடு அப்படின்னுபோட்டாருங்க."

நீ அப்படிச் சொல்லக்கூடியவன்தான். ஆனாலும் வந்தவன் அழுகிறானே என்று அவரே கட்டிச் சொன்னாரோ என்று பஸ் ஏறுவதற்குள் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நம்பிவிட எவ்வளவோ ஆசைப்படுகிறேன், முடியவில்லை.

ஒயர் கடையில் உன்னைப் பற்றி நான் சொன்னதை மட்டும் உன் மனைவியிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். அதுவும் உனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்க வாய் வரவில்லை.