விறகையும் நிலக்கரியையும் ஒப்பிடுக

கூட்டாளி,

என் எழுத்து மேலேறியும் கீழிறங்கியும் போகிறது, பொறுத்துக்கொள். கிழவனான பிறகு பேனா பிடித்த கை. ஒரு வரி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆனாலும் நானே எழுதுகிறேன் என்ற சந்தோஷம் தாங்கவில்லை.

நேற்று கிள்ளான் பாசாரில் அவித்த கடலை வாங்கினேன். சுற்றித் தந்த காகிதம் யாரோ ஒரு பிள்ளையின் அறிவியல் பரீட்சைத் தாள். எழுத்துக் கூட்டி நானே படித்தேன். கூறுக. காரணம் தருக. ஒப்பிடுக. அந்தக் கடைசிச் சொல்லைக் கண்டதும் கடலையை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

ஜப்பான்காரன் காலம். பிரிக்பீல்ட்ஸ் ரயில் கொட்டகையில் நாம் இருவரும் எஞ்சினுக்குத் தீ போட்டுக்கொண்டிருந்தோம். சயாமில் தண்டவாளம் போட ஆள் பிடித்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. காலில் ஆறாத புண் என்று என்னைக் கழித்துவிட்டார்கள். மாட்டிக்கொண்டது நீ. எழுத்துத் தேர்வில் தேறினால் மட்டும் கொட்டகையிலேயே வைத்துக்கொள்வார்களாம்.

படித்துக்கொண்டு வரட்டும் என்று முதல் நாளே கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். அதுவே எனக்குச் சந்தேகம். கேள்வியை முன்கூட்டியே யார் கொடுப்பான்? நீ மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டே வாசித்தாய்: "எஞ்சினில் எரிக்கும் விறகையும் நிலக்கரியையும் ஒப்பிடுக."

"எழுதாதே லா," என்றேன். "நிலக்கரி வெள்ளைக்காரன் காலத்துல எரிச்சது. விறகு இவன் காலத்துது. எது மேல்னு உன் வாயாலயே வரவழைக்கிறான்."

"விறகுதான் மேல்னு எழுதிட்டா?"

"பொய்னு அவனுக்கே தெரியும். தினம் அந்தப் புகையில இருமுறானே. பொய் சொன்னேன்னு பிடிப்பான்."

"உன்னைத் தாலி கட்டச் சொன்னாலும் ஏன் கேட்கறீங்கன்னுதான் கேட்பே," என்று சிரித்தாய். ஆனால் கிழங்கைக் கீழே வைத்துவிட்டாய். அடுத்த வீட்டுக்காரர் பாலத்துக் காவலில் ஜப்பான்காரன் கேட்டதற்கு, கையிலிருந்த அரிசிக்குக் காரணம் சொல்லப்போய்த் திரும்பி வராதது உனக்கும் தெரியும்.

'ஒப்பிடுக' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தாய். பிறகு சொன்னாய்: "ஒப்பிடத்தானே கேட்டிருக்கான்? எது மேல்னு கேட்கலையே. சூடு, சாம்பல், புகை. இதுக்கு இவ்வளவு, அதுக்கு அவ்வளவு. பக்கத்துல பக்கத்துல எழுதி வைக்கிறேன். முடிவை அவனே எடுத்துக்கட்டும்."

அப்படியே எழுதினாய். நீ தேறிவிட்டதாகக் கிராணி வந்து சொன்னபோதும் நான் நம்பவில்லை. உன்னைத் தனியாகப் பிடிக்கப்போகிறார்கள் என்றே நினைத்தேன். லோரி மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போனது. நீ மண்வாரியைத் தூக்கிக்கொண்டு எஞ்சின் பக்கம் நடந்தாய். அந்த வாரம் முழுக்க நான் உன் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்தேன், எவனாவது வருகிறானா என்று பார்த்தபடி. கண்ணை மூடும்வரை அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்தாய்.

இப்போது நான் போகும் முதியோர் வகுப்பில் டீச்சர், "உங்கள் இளமைக் காலத்தை விவரித்து எழுதுக" என்று பலகையில் எழுதினார்.

"யார் படிப்பாங்க, டீச்சர்?"

"நான்தான், அங்கிள்."

"படிச்சிட்டு யார்கிட்ட கொடுப்பீங்க?"

வகுப்பே சிரித்தது. நான் என் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதிக் கொடுத்தேன். டீச்சர் நல்ல பெண்தான். ஆனாலும் ஒருவர் விவரி என்றால், எதற்காகக் கேட்கிறார் என்றுதான் முதலில் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் இனிமேலா போகப்போகிறது?

உன்னிடம் கொடுத்தால் யாரிடமும் போகாது. அதனால்தான் யாரும் கேட்காமலேயே உனக்கு இவ்வளவையும் விவரித்திருக்கிறேன்.