பதினேழாம் கடிதம்

12.9.1989, செவ்வாய்

ஆபீஸ் விட்டு வந்தால் வாசலில் வேலாயுதம் அண்ணன் நிற்கிறார். செந்தூலிலிருந்து பஸ் பிடித்து பிரிக்பீல்ட்ஸுக்கே வந்துவிட்டார். கையில் புதுக் கேசட். ‘நாலு மணிச் சங்கு.’ அண்ணன் பாடும் ‘ஆறாம் கட்டை’ குழு ஏழு வருஷத்துக்குப் பிறகு போடும் கேசட்!

பதினெட்டு வருஷமாக ஒரே வழக்கம்தான். கடைக்குப் போகுமுன் ஒரு கேசட் ரசிகர் மன்றத்துக்கு வரும். செயலாளர் நான். என் டபுள் டெக் கேசட் மெஷினில் பிரதி எடுத்து உறுப்பினர்களுக்கு அனுப்புவேன். அவர்கள் கருத்து எழுதுவார்கள். வந்த கடிதத்துக்கு எண் போட்டு முத்திரை குத்திவிட்டால் மாற்றக் கூடாது, மறைக்கக் கூடாது. கருத்து நாளன்று பெயர் சொல்லாமல் எல்லாவற்றையும் வாசிப்பேன். குழு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கும், பதில் பேசாது. இந்தச் சட்டமெல்லாம் அண்ணனே போட்டதுதான்.

தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்: “வெரோ, பாதிப் பேர் குரல் போச்சுன்னு எழுதினா நான் மைக்கைக் கீழ வச்சிடுவேன். தம்புகிட்டயும் சொல்லிட்டேன்.” தம்புசாமி குழுவின் உறுமிக்காரர். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். “மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்.”

சும்மா சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

14.9.89

கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். ஐயோ, அண்ணே.

16.9.89, சனி

நாற்பது பிரதி எடுத்து முடித்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் அந்தக் குரலைக் கேட்க வேண்டியிருந்தது. இழுவை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஆள் உட்கார்ந்து எழுந்திருக்கிறார். முதல் கேசட்டில் கிட்டாரும் உறுமியும் ஒன்றை ஒன்று துரத்த, அவர் குரல் இரண்டுக்கும் முன்னால் ஓடும். சினிமாப் பாட்டைத் தவிர வேறு தெரியாத எங்கள் ஜனத்தை எழுந்து உட்கார வைத்த குரல் அது. எங்கே போயிற்று?

என் கடிதத்தை இன்றே டைப் அடித்தேன். செயலாளர் என்றால் கருத்து இருக்கக் கூடாதா என்ன? “அண்ணே, நாங்கள் உங்களை ஞாபகம் வைத்திருக்கும் விதத்தையாவது கெடுக்காமல் நிறுத்திக்கொள்ளுங்கள்” என்று முடித்தேன். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பொய் இல்லை. என் காது பொய் சொல்லாது. மாதா கோயில் பாடகர் குழுவில் யார் அரை சுரம் தவறினாலும் திரும்பிப் பார்க்கிறவள் நான்.

21.9.89

இருபத்தாறு கடிதங்கள் வந்துவிட்டன. என்னுடையதற்குப் பதினேழாம் எண் விழுந்தது.

“குரலில் துரு.” “தூங்கி எழுந்து பாடினாரா?” சுங்கை வேயிலிருந்து ஒரு அக்கா நான்கு பக்கம் எழுதி, கடைசி வரியில் “அழுதுவிட்டேன்” என்கிறார். நல்லதாகச் சொன்னவர்கள் ஏழே பேர்.

எண்ணிப் பார்க்காதே வெரோனிகா. எண்ணிப் பார்த்தேன்.

24.9.89, ஞாயிறு

பூசை முடிந்ததும் கிள்ளான் ரமணி காரில் வந்தார். மோட்டார் சாமான் கடை வைத்திருப்பவர், மன்றத்தின் பழைய உறுப்பினர், வாய் கொஞ்சம் நீளம். வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில், “அந்த ஒரிஜினல் கேசட்டைப் போடுங்க, நீங்க அனுப்பினது சரியில்லை” என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் பிரதியையா குறை சொல்கிறார்? பையிலிருந்து எடுத்துக் கார் பிளேயரில் போட்டேன்.

வேறு ஆள் பாடுகிறார். இல்லை, அதே ஆள். பளிச்சென்று, துள்ளிக்கொண்டு. உறுமி கூடச் சுறுசுறுப்பாக இருக்கிறது.

ரமணி காரை ஓரம் கட்டினார். “உங்க மெஷின்ல ஒரிஜினல் போடுற பக்கம் மட்டும் ஸ்லோவா ஓடுதுலா, வெரோனிகா. அந்தப் பக்கத்து பெல்ட் தளர்ந்திருக்கும். நீங்க அதுலதான் கேட்டீங்க, அதுலதான் காப்பி எடுத்தீங்க.”

சாப்பாடு இறங்கவில்லை. நாற்பது பேருக்கு அண்ணன் குரலைக் கிழவனாக்கி அனுப்பியிருக்கிறேன். நானே கேட்டு, நானே நம்பி, நானே “நிறுத்து” என்று எழுதியிருக்கிறேன். பெரிய காது!

26.9.89

முப்பத்தொரு கடிதங்கள். இருபத்திரண்டு பேர் குரல் போச்சு என்கிறார்கள். கருத்து நாளுக்கு ஐந்து நாள்தான்.

கடிதக் கட்டைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லலாமா? தபாலில் காணோம் என்று? சீ, என்ன புத்தி இது. ஆனால் உண்மையைச் சொன்னால் மன்றத்தில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? இன்றைக்கு ஆபீஸில் மூன்று கடிதம் தப்பாக அடித்தேன்.

28.9.89

சொல்லத்தான் வேண்டும். சனிக்கிழமை செந்தூல் போகிறேன்.

30.9.89, சனி

போனேன். அண்ணன் மனைவி காமாட்சி அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் அடுப்படி மேசையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். உட்காராமலே கொட்டிவிட்டேன். மெஷின், பெல்ட், நாற்பது பிரதி, இருபத்திரண்டு கடிதம். “உங்க குரலுக்கு ஒன்னும் ஆகல அண்ணே. எல்லாம் என் மெஷின் பண்ணின வேலை. எல்லாருக்கும் திருப்பி அனுப்புறேன், கருத்து நாளைத் தள்ளி வைப்போம்.”

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“எவ்வளவு ஸ்லோ?”

“முக்கால் சுரம், ஒரு சுரம் இறங்கியிருக்கும்.”

அக்கா மீனைப் பார்த்தபடியே சொன்னார்: “சொல்லுங்களேன். அந்தப் பிள்ளை வேர்த்து விறுவிறுத்து வந்து நிக்குது.”

ஸ்டூடியோவில் பாடி முடித்துக் கேட்டபோது அவருக்கே பிடிக்கவில்லையாம். இஞ்சினியர் ஒரு குமிழைத் திருப்பி டேப்பைக் கொஞ்சம் வேகமாக ஓட விட்டானாம். குரலில் பத்து வயசு குறைந்துவிட்டதாம். சரி என்று ஒத்துக்கொண்டாராம்.

“உன் மெஷின் அந்த வேகத்தத் திருப்பி இறக்கிடுச்சு. நீங்க எல்லாரும் கேட்டதுதான் வெரோ, என் குரல்.”

மன்னிப்புக் கேட்க வந்தவள், அந்த மனுஷனின் தலையில் இருபத்திரண்டு கடிதத்தையும் நானே இறக்கி வைத்துவிட்டேன்.

அவர் எழுந்துபோய்க் கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே, கிட்டார் இல்லாமல், மெதுவாகப் பாடினார். “நாலு மணிச் சங்கு ஊதியாச்சு, கையக் கழுவிட்டு வீட்டுக்கு வா.” ரயில் பட்டறையில் முப்பது வருஷம் வேலை செய்த மனுஷன். அந்தக் களைப்போடு பாடினார். இழுவைதான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் நின்று என் முகத்தைப் பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைத்தான் கேசட்டில் கேட்டேன், கேட்டும் விளங்கவில்லை. பழைய வேலாயுதத்தைத் தேடிக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

“என் கடிதம் ஒன்னு இருக்கு அண்ணே. அதை எடுத்துடுறேன்.”

“எண் போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“அப்புறம் என்ன. நாளைக்கு வாசி.”

1.10.89, ஞாயிறு

வாசித்தேன். இருபத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் அண்ணன், தம்புசாமி, மற்ற மூவர். மின்விசிறி கடிதங்களைப் பறக்கவிட்டுக்கொண்டே இருந்தது.

பதினாறு வரைக்கும் எப்படியோ போய்விட்டது. பதினேழை நின்று நின்று வாசித்தேன். கடைசி வரியை வாசித்தபோது அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்புசாமி என்னை முறைத்தார்.

சட்டம் என்னவோ சட்டம்தான். ஆனால் அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “இது நான் எழுதினது” என்று சொல்லிவிட்டேன். ஹாலே திரும்பிப் பார்த்தது. மீதிப் பதினான்கையும் வாசித்து முடித்துவிட்டு, மெஷின் கதையையும் சொன்னேன். சலசலப்பு. ஒருவர், “அப்படின்னா குரல் நல்லாதான் இருக்கு, விடுங்க!” என்று கைதட்டினார். பலரும் தட்டினார்கள். ஐயோ, இவர்கள் தட்டத் தட்ட அண்ணன் எழப்போகிறாரே!

எழுந்துவிட்டார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை பதில் பேசினார். “வெரோ அனுப்பினதுதான் நெசம். கடைக்குப் போக இருந்ததுதான் பொய். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு ஆச்சு. பாதிக்கு மேல எழுதிட்டீங்க, நான் சொன்ன சொல் இருக்கு. அதனால...”

“அண்ணே, கொஞ்சம் இருங்க!” ரமணிதான். நாற்காலி சாயும்படி எழுந்தார். “கடிதம் எழுதினவன் நான், இருபத்திரண்டுல ஒருத்தன். கேசட்டக் கேட்டு எழுதினேன், உங்களக் கேட்டு எழுதலலா. மெஷின் வேணாம். இங்கயே பாடுங்க. அப்புறம் போறதுன்னா போங்க.”

தம்புசாமி நாற்காலிக்கு அடியிலிருந்து உறுமியை எடுத்து மடியில் வைத்தார். கருத்து நாளுக்கு அவர் அதைக் கொண்டுவந்ததே இல்லை. இன்று எதற்குக் கொண்டுவந்தாரோ. அவர் இழுத்தார், ரொம்ப மெதுவாக. அண்ணன் பாடினார்.

பாட்டு முடிந்தது. சுங்கை வே அக்கா முன்னால் வந்து, தன் நான்கு பக்கத்தையும் திருப்பித் தரச் சொன்னார். எண் போட்ட கடிதம், தர முடியாது என்றேன். “அப்ப அது பக்கத்துல இன்னொன்னு வைக்கிறேன்லா” என்று மேசையிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அப்புறம் பேனா கேட்டு ஆள் மேல் ஆள் வந்தார்கள்.

அண்ணன் முடிவு ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது என் தலையில் லேசாகத் தட்டினார். “பதினேழு யாருன்னு நீ சொல்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது. உன் தமிழை எத்தனை வருஷமாக் கேக்குறேன்.”

4.10.89

ரமணி மெஷினுக்குப் புது பெல்ட் போட்டுக் கொடுத்தார்.

9.12.89, சனி

பாசாரில் காய் வாங்கிக்கொண்டு வரும் வழியில் பழனியப்பன் கேசட் கடையில் நுழைந்தேன். அண்ணன் திரும்ப ஸ்டூடியோவுக்குப் போனதில், தீபாவளிக்கு வர வேண்டிய ‘நாலு மணிச் சங்கு’ இந்த வாரம்தான் வந்திருக்கிறது. அட்டையில் அதே பெயர், அதே படம்.

ஒரு லோரிக்காரர் அந்தக் கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். “பாஸ், இது ஸ்லோவா ஓடுது. மாத்திக் குடுங்க.”

பழனியப்பன் கடை மெஷினில் போட்டுக் காட்டினார். ஒரு பாட்டு முழுக்க ஓடவிட்டார்.

“மெஷின் சரிதான்ணே. பாடுறவருக்கு ஐம்பத்திரண்டு வயசு.”

லோரிக்காரர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். அப்புறம் கேசட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.